வலப்பக்கம் இருந்தவருக்கு

இஞ்சேருங்கோ,

இன்று விடியற்காலை முதல் மழை பெய்தது. கோழிக்கூட்டைத் திறந்துவிட்டுப் பாலை மரத்தடியைக் கடந்து வரும்போது அந்த மணம் எழும்பியது. லொறி நின்ற இடத்து மண் இன்னும் கறுப்பாகத்தான் கிடக்கிறது. கோழிகூட அதைக் கிளறுவதில்லை. கோடை முழுவதும் பேசாமல் இருந்துவிட்டு, முதல் மழைத் தண்ணீர் பட்டவுடன் கியர் எண்ணெய் மணத்தை வெளியே விடும். புருஷனை நினைக்க மற்றப் பெண்களுக்குச் சந்தனம் மணக்கும், விபூதி மணக்கும். எனக்கு வாய்த்தது இது. சிரிப்பு வந்தது, பிறகு அழுகையும் வந்தது. தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டப் போனவள் அதை மறந்து நனைந்துகொண்டு நின்றேன். உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை.

கதைக்க ஆள் இல்லாமல் இருப்பது எனக்குப் புதிது அல்ல. உங்களைக் கலியாணம் கட்டி யாழ்ப்பாணத்திலிருந்து இந்தக் குடியேற்றக் காணிக்கு வந்த முதல் இரண்டு வருஷமும் அப்படித்தான் இருந்தேன். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி வந்தோம். நெல் விளைந்தது, ஆனால் விளைந்ததைக் கொண்டுபோக வாகனம் இல்லை. அதைச் சாட்டித்தான் அந்த லொறியை வாங்கினீர்கள். அதன் பிறகு கமம் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். நெல் ஏற்றிக்கொண்டு ஆனையிறவு தாண்டிப் போவீர்கள், கருவாடு ஏற்ற முல்லைத்தீவுக்குப் போவீர்கள், போனால் இரண்டு நாள், மூன்று நாள். பிள்ளையும் தங்கவில்லை. அடுத்த வீட்டு விளக்கு மரங்களுக்கு ஊடாக ஒரு பொட்டாகத் தெரியும். பன்றி வந்தால் தகரத்தைத் தட்டுவேன், யானை வந்தால் தட்டவும் பயந்து கதவுக்குப் பின்னால் இருப்பேன். பயத்தைக்கூடத் தாங்கலாம். அதைச் சொல்ல ஆள் இல்லாததைத்தான் தாங்க முடியவில்லை.

லொறியைப் பற்றி நமக்குள் இரண்டு கட்சி இருந்தது. உலக யுத்தத்துக்கு வந்த பட்டாளத்து லொறி அது. யுத்தம் முடிந்து பத்து வருஷம் வரைக்கும் யார்யாரோ மரம் ஏற்றி, கல் ஏற்றி, அலுத்துப்போய் உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்பது என் கட்சி. "உப்பிடி ஒரு இரும்பு இனிக் கிடையாது" என்பது உங்கள் கட்சி. வேறு தேசத்துக்காரன் தன் றோட்டுக்குச் செய்த வாகனம் என்பதால் அதன் ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தது. நம்முடைய றோட்டில் இடப்பக்கமாகத்தான் ஓட வேண்டும். அப்போது சாரதி புல்லையும் பற்றையையும் பார்த்துக்கொண்டு இருப்பான். முன்னால் ஒரு மாட்டு வண்டில் போனால், அதை முந்த வழி இருக்கிறதா, எதிரே ஏதும் வருகிறதா என்று அவனுக்குத் தெரியாது. வலப்பக்கம் இன்னொருவர் இருந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு ஒரு கிளீனர் வைத்திருந்தீர்கள். அவன் பஸ்ஸில் கொண்டக்டர் வேலை கிடைத்துப் போனது என் அதிர்ஷ்டம்.

"நான் வாறன்" என்றேன்.

"பொம்பிளை லொறியிலை ஏறினால் ஊர் சிரிக்குமப்பா."

"ஊர் இஞ்சை எங்கை இருக்கு? மரந்தானே இருக்கு. மரம் சிரிச்சால் சிரிக்கட்டும்."

நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனீர்கள். அடுத்த நாள் வலப்பக்க இருக்கையில் ஒரு சாக்கை மடித்துப் போட்டிருந்தீர்கள். உங்கள் சம்மதம் எப்போதும் அப்படித்தான் வரும், வாயால் வராது.

முதல் நாள் என் வாய் ஓயவில்லை. "பொறுங்கோ, பொறுங்கோ, வண்டில் வருகுது, இப்ப வேண்டாம், ஐயோ பொறுங்கோ." பரந்தன் வரைக்கும் பொறுத்துக்கொண்டு வந்தீர்கள். பிறகு லொறியை ஓரத்தில் நிறுத்தினீர்கள்.

"இஞ்சேரும். வழி இல்லையெண்டால் ஒண்டும் சொல்லாதையும். வழி இருந்தால் மட்டும் 'சரி' எண்டு ஒரு சொல்லுச் சொல்லும். நீர் சொல்லாட்டி நான் போகமாட்டன்."

அதுதான் நமக்குள் இருந்த சட்டம். ஒரே சொல். அந்தச் சொல்லுக்காக நீங்கள் என் முகத்தைக்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள். நான் "சரி" என்றால் உடனே வெளியே எடுப்பீர்கள். எதிரே பஸ் வந்திருந்தால் இருவருமே போயிருப்போம். ஒரு மனிதர் தன் உயிரை என் வாயில் இப்படி ஒப்படைப்பார் என்று நான் நினைத்ததே இல்லை. கலியாண வீட்டில்கூட எனக்கு அப்படி ஒரு மதிப்புக் கிடைக்கவில்லை.

மாங்குளம் பக்கம் போகும்போதெல்லாம் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிற்போம். அந்தப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் அவ்வழியால் எந்த வாகனம் போகும்? ஆனால் நம்முடைய லொறி நின்றால் திரும்ப எழும்பாது, முன்னால் இரும்பு ஹாண்டிலைச் செருகிச் சுழற்ற வேண்டும். அதனால் எஞ்சினை ஓடவிட்டுவிட்டு நீங்கள் தேங்காயோடு ஓடுவீர்கள், நான் குதித்துச் சில்லுக்குக் கட்டை வைப்பேன். உடைத்த கையோடு ஓடி வருவீர்கள். பிள்ளையாரிடம் இரண்டு சொல் பேச உங்களுக்கு நேரம் இருந்ததில்லை. "அவருக்கு விளங்கும், அவரும் பாரம் இழுக்கிற ஆள்தானே" என்பீர்கள்.

உங்களுக்கு முதல் முறை நெஞ்சு நொந்தது ஒட்டுசுட்டான் தாண்டிக் காட்டுக்குள் வரும்போது. நடுமத்தியானம். லொறியை ஓரம் கட்டிவிட்டு இறங்கி, புல்லில் சாய்ந்தீர்கள். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. கொஞ்சத் தூரத்தில் யானை லத்தி ஆவி பறக்கக் கிடந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. உங்களை ஏற்றிக்கொண்டு போகப் பத்து மாட்டின் பலம் உள்ள வாகனம் பக்கத்தில் நிற்கிறது, எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. பின்னேர பஸ் வரும்வரைக்கும் முந்தானையால் விசிறிக்கொண்டு இருந்தேன். அன்றைக்குத்தான் தனிமை என்றால் என்னவென்று சரியாக அறிந்தேன். வீட்டில் இருந்தது அதற்குப் பக்கத்திலும் வராது.

ஆஸ்பத்திரியால் வந்து மூன்றாம் நாள், கஞ்சிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னீர்கள்: "நான் விழுந்தால் நீர் காட்டுக்கை தனிய நிப்பீர். அது எனக்குச் சரிவராது. நாளைக்கு லொறியடிக்கு வாரும்."

முதலில் ஹாண்டில். "பெருவிரலை மற்ற விரலோடை சேர்த்து வையும். சுத்திப் பிடியாதையும். அது திருப்பி உதைக்கேக்கை விரலைக் கொண்டுபோயிடும். கீழை அமத்தக் கூடாது, மேலை இழுக்க வேணும்." இழுத்தேன், இழுத்தேன், தோள் கழன்றுவிடும்போல இருந்தது. எஞ்சின் ஒரு தும்மல் தும்மிவிட்டுப் படுத்தது. உங்களுக்குச் சிரிப்பு. எனக்கு வந்த கோபத்தில் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இன்னொரு இழுப்பு இழுத்தேன், பிடித்துக்கொண்டது. பாலை மரத்தில் இருந்த காகமெல்லாம் பறந்தன. "கோபத்திலைதான் அது எழும்பும், உம்மைப் போலை" என்றீர்கள்.

ஹாண்டிலைவிட என்னை அழவைத்தது கியர்தான். இந்தக் காலத்து வாகனம்போல ஒருமுறை கிளச்சை மிதித்துப் போட முடியாது. மிதித்து, நடுவுக்கு எடுத்து, விட்டு, கொஞ்சம் பொறுத்து, திரும்ப மிதித்துத்தான் மேல் கியருக்குப் போட வேண்டும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதுதான் வித்தை. பொறுத்தது போதாவிட்டால் பல்லுக்கு நடுவில் கல் அரைபடுவதுபோலச் சத்தம் கேட்கும். நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடுவீர்கள். ஒரு கிழமை அரைத்துத் தள்ளினேன். கடைசியில் நீங்கள்தான் வழி கண்டுபிடித்தீர்கள். "நடுவுக்கு எடுத்தாப் பிறகு 'பிள்ளையாரே' எண்டு முழுசாச் சொல்லும். சொல்லி முடியப் போடும்." போட்டேன். வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோலப் போனது. கீழ்க் கியருக்கு வரும்போது பொறுக்கக் கூடாது, இடையில் அக்சிலேற்றரை ஒருமுறை மிதிக்க வேண்டும். அதற்கு "முருகா." சின்னப் பெயர், சுறுக்காக முடிந்துவிடும். அண்ணனை மேலே ஏறவும் தம்பியைக் கீழே இறங்கவும் கூப்பிட்டு நான் லொறி ஓடப் பழகினேன்.

முல்லைத்தீவுச் சம்மாட்டியார் ஒருநாள் நம்மோடு புதுக்குடியிருப்பு வரைக்கும் வந்தார். வள்ளமும் வலையும் வைத்துக் கருவாடு ஏற்றுவிக்கிற வேதக்கார மனிதர், கழுத்தில் செபமாலை. நான் ஒவ்வொரு கியருக்கும் சாமியைக் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டே வந்தவர், "ஏன் பிள்ளை, எங்கட மாதாவுக்கு ஒரு கியர் குடுக்கப்படாதோ?" என்றார். பின்னுக்குப் போகும் கியர் மட்டும்தான் மிச்சம் இருக்கிறது என்றேன். "பின்னுக்குப் போறதோ மாதா!" என்று அவர் துள்ளிவிட்டார். நீங்கள் சிரித்த சிரிப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டீர்கள். நான் பயந்துபோனேன். "இது சிரிச்சதாலை வந்த நோ, பயப்படாதையும்" என்றீர்கள்.

ஓட்டுவது பாதி வேலை. கவனிப்பது மற்றப் பாதி. பெற்றோல் தாங்கியில் ஒழுக்குக் கண்டால் சவர்க்காரக் கட்டியை நனைத்துத் தேய்த்து அடைக்கக் காட்டித் தந்தீர்கள். கிறீஸ் போகும் இடங்களைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் காட்டச் சொன்னீர்கள். பிரேக்கில் காற்றுப் புகுந்தால் அதை எடுக்க இரண்டு பேர் வேண்டும், ஒருவர் மேலே இருந்து மிதிக்க, ஒருவர் கீழே கிடந்து ஆணியைத் தளர்த்தி எண்ணெயோடு காற்றுக் குமிழை வெளியே விட. முதலில் நீங்கள் கீழே, நான் மேலே. "மிதியும். பிடியும். விடாதையும்." நெஞ்சு மோசமான பிறகு நான் கீழே, நீங்கள் மேலே. அப்போதும் கட்டளை உங்களுடையதுதான். ஒருநாள் கீழே கிடந்தபடி, "மிதிக்கிறவருக்கு என்ன கதை, கிடக்கிறவள்தானே சொல்லவேணும்" என்றேன். அதன் பிறகு நான் சொல்லும்வரைக்கும் காலை அசைக்க மாட்டீர்கள். முகம் காணாமல், இரும்புக்கு மேலும் கீழுமாக இருந்து நாம் கதைத்த கதைதான் நம்முடைய குடும்பத்தில் அதிகம்.

பிறகு டொக்டர் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்றார். வவுனியாவுக்குப் போய் எனக்கு லைசென்ஸ் எடுத்துத் தந்தீர்கள். சரி, இனி இவர் வீட்டில் இருப்பார், ஒரு கிளீனரைப் பிடித்துக்கொண்டு நான் போகலாம் என்று பார்த்தேன். அப்படி மூன்று பயணம் போனேன். மூன்றாம் முறை திரும்பி வரும்போது நீங்கள் வாசல் படலையில் நின்றீர்கள். எத்தனை மணிக்கு வந்து நின்றீர்களோ, காலடி மண் உழுததுபோல இருந்தது.

"இவ்வளவு காலமும் நீர் இப்பிடியே இருந்தனீர்?" என்று கேட்டீர்கள்.

"ஓம்" என்றேன்.

"நான் ஒருநாளும் யோசிக்கேல்லையப்பா."

அடுத்த பயணத்துக்கு நான் எஞ்சினை எழுப்பிவிட்டு ஏறினபோது நீங்கள் வலப்பக்கத்தில், மடித்த சாக்கில், துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு இருந்தீர்கள். டொக்டர் ஓட வேண்டாம் என்றுதான் சொன்னார், இருக்க வேண்டாம் என்று சொல்லவில்லை என்றீர்கள். நான் ஏசவில்லை. ஏசுவது நியாயம். ஆனால் எனக்கு வந்தது சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கும் நான் மறைக்க மாட்டேன்.

அப்படி இரண்டு மாரியும் ஒரு கோடையும் ஓடினோம். நீங்கள் "சரி" என்பீர்கள், நான் எடுப்பேன்.

அன்றைக்கு முல்லைத்தீவிலிருந்து கருவாட்டோடு வந்தோம். வெயில் ஏறாத காலை. புதுக்குடியிருப்பில் தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினேன். பாதி குடித்துவிட்டு, "கசக்குது" என்று வைத்தீர்கள். ஏறி இருந்து, துவாயை மடித்துக் கதவோரத்தில் வைத்துத் தலையைச் சாய்த்து, வழக்கம்போல வெளியே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். பட்டினம் தாண்டி ஒருமுறை "சரி" என்றீர்கள், ஒரு சைக்கிள்காரனை முந்தினேன். அதற்குப் பிறகு அந்த வைக்கோல் வண்டில்.

வைக்கோல் வண்டிலின் பாரம் றோட்டை அடைத்துக்கொண்டு போனது. எனக்கு முன்னால் மஞ்சளைத் தவிர வேறு ஒன்றும் தெரியவில்லை. கீழ்க் கியரில் பின்னால் போனேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் வழி இல்லை. நான் கதைத்துக்கொண்டு வந்தேன். மிளகாய்க் கன்றுக்கு இனித் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றேன். கூரைக்குக் கிடுகு காணாது என்றேன். சம்மாட்டியார் தந்த சூடைக் கருவாட்டை உங்களுக்குத் தர மாட்டேன், உப்பு ஆகாது, வீட்டுக்குப் போனவுடன் கஞ்சி வைக்கிறேன் என்றேன். நீங்கள் வழியில் அதிகம் பதில் சொல்கிற ஆள் இல்லை. கண் வேலை செய்யும்போது வாய் வேலை செய்யக் கூடாது என்பது உங்கள் கொள்கை. எவ்வளவு கவனமான மனிதர் என்று உள்ளுக்குள் பெருமைகூடப் பட்டேன்.

வண்டில் போய்க்கொண்டே இருந்தது. ரேடியேற்றர் கொதிக்கத் தொடங்கி மூடியில் ஆவி தெரிந்தது. எனக்குக் கோபம் வந்தது. "உங்களை நம்பினால் மாட்டுக்குப் பின்னாலைதான் வீட்டை போய்ச் சேரவேணும்!" என்று ஏசினேன்.

ஒரு மதகடியில் வண்டில்காரர் தானாகவே மாட்டைப் புல்லுக்குள் இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தார். நரைத்த மனிதர்.

"என்ன தங்கச்சி, எத்தினை தரம் கையைக் காட்டிப்போட்டன்! றோட்டு வெறுமையாய்க் கிடக்கு. ஏன் பின்னாலை வாறியள்?"

அவர் வலக் கையைக் காட்டியிருக்கிறார். அது இடப்பக்கம் இருக்கிற எனக்குத் தெரியாது. வலப்பக்கம் இருக்கிற ஆளுக்குத்தான் தெரியும்.

"இவர் சரி எண்டு சொல்லேல்லை" என்றேன். சொல்லிக்கொண்டே உங்கள் பக்கம் திரும்பினேன்.

வண்டில்காரர் மாட்டை அவிழ்த்து மரத்தில் கட்டிவிட்டு ஏறி வந்தார். உங்களைத் தன் நெஞ்சோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு, கிளிநொச்சி ஆஸ்பத்திரி வரைக்கும் வழி பார்த்துச் சொன்னது அவர்தான். பெயர்கூட நான் கேட்கவில்லை. நான் எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. கியர் ஒருமுறையும் அரைபடவில்லை என்று பிறகு அவர் யாருக்கோ சொன்னாராம்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் எந்த நேரம் உயிர் போனது என்று கேட்டார். தெரியாது என்றேன். எந்த இடத்தில் என்றார். அதுவும் தெரியாது. செத்த வீட்டில் உங்கள் தமக்கை எல்லாருக்கும் கேட்கக் கேட்டார், "பக்கத்திலை இருந்து தெரியேல்லையோடி?" என்று. அந்தக் கேள்வியோடு நான் எத்தனை மாதம் படுத்து எழும்பினேன் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். வலப்பக்கத்துக்குக் கூலிக்கு ஆள் வைத்துக் கொஞ்ச நாள் ஓடிப் பார்த்தேன். எல்லாரும் "போங்கோ, போங்கோ" என்று அந்தரப்பட்டார்கள். ஒருவரையும் நம்பி வெளியே எடுக்க என் கை துணியவில்லை. வவுனியாவில் மரம் விற்கிற மரக்காலைக்காரர் ஒருவர் லொறியைக் கேட்டு வந்தபோது கொடுத்துவிட்டேன். லொறி படலை தாண்டிப் போனபோது அழவில்லை. பின்னேரம் வழக்கம்போல லொறியைப் பார்க்கக் கைவிளக்கோடு பாலை மரத்தடிக்குப் போய் நின்ற பிறகுதான் அழுதேன். என் அண்ணர் யாழ்ப்பாணத்துக்கு வந்துவிடச் சொல்லி ஆள் அனுப்புகிறார். நான் போகவில்லை. அங்கே ஆட்கள் அதிகம். எனக்கு வேண்டிய ஆள் அங்கேயும் இல்லை.

தமக்கைக்கு அன்றைக்குச் சொல்லத் தெரியாத பதில் இப்போது என்னிடம் இருக்கிறது. அந்தச் சைக்கிள்காரனுக்கும் மதகுக்கும் இடையில் எந்த மரத்தடியில் நீங்கள் போனீர்கள் என்று எனக்குத் தெரியாது. முதலில் அது நரகமாக இருந்தது. இப்போது அதைத்தான் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். இடம் தெரிந்திருந்தால் அதற்குப் பிறகு வந்த வழியெல்லாம் நான் தனியாக வந்தவள் ஆகிவிடுவேன். தெரியாதபடியால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்க்கிறேன். மிளகாய்க் கன்றைப் பற்றிச் சொன்னது கேட்டிருக்கும். கிடுகுக் கதையும் கேட்டிருக்கும். கஞ்சி வைக்கிறேன் என்றதும் கட்டாயம் கேட்டிருக்கும். கடைசியில் நான் ஏசினது மட்டும் உங்களுக்குக் கேட்டிருக்காது. மற்றதெல்லாம் கேட்டுக்கொண்டுதான் வந்தீர்கள்.